வத்தலக்குண்டு வெயிலுக்குக் கட்டும் சோறு

கொடைக்கானலில் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு கெட்டுப்போகும் என்ற பயம் குறைவு. இட்லி மாவு புளிக்கவே ஓர் இரவு போதாத ஊர் இது. மார்கழி, தையில் பாலுக்கு உறை ஊற்றி, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தால்தான் காலையில் தயிராகும். நேற்று வைத்த குழம்பு இன்று மதியம் வரை வெளியிலேயே இருந்தும் ஒன்றும் ஆகாததைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஊருக்குக் கிளம்பும்போதும் அதே நம்பிக்கையோடு சாப்பாடு கட்டுகிறோம். பஸ் பெருமாள்மலை தாண்டி, ஊத்து தாண்டி இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணிக்கிறோமே, அதே பையில்தான் சாப்பாட்டு டப்பாவும் இருக்கிறது. ரெண்டு மணி நேரத்துக்குள் வத்தலக்குண்டு வந்துவிடும். மே மாதம் அங்கே 37, 38 டிகிரி சாதாரணம்.

அதனால் கட்டுச்சோற்றை நம் வீட்டுக் குளிரை நம்பிக் கட்டக் கூடாது. போகிற வழியில் எந்த ஊர் அதிகச் சூடோ, அந்த ஊர் வெயிலுக்குக் கட்ட வேண்டும். இதை அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பூம்பாறை, மன்னவனூர் பக்கமிருந்து கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் வண்டி ஓட்டுகிறார். விடியுமுன் கிளம்பினால் திரும்பி வர இரவாகிவிடும். கடைச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. நான் சத்துணவு அமைப்பாளர். சமைத்த சோற்றுக்கும் சாப்பிடும் பிள்ளைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது என்று கவனிப்பதே என் வேலையில் பாதி. பள்ளிக்கூடத்தில் சூடாக இறக்கிச் சூடாகவே பரிமாறிவிடுவோம், அங்கே கவலை இல்லை. கட்டிக்கொடுக்கிற சோறு அப்படியில்லை. அது வண்டியில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும்.

எல்லாரும் குழம்பையும் பொரியலையும் சந்தேகப்படுகிறார்கள். நான் முதலில் சந்தேகப்படுவது வெறும் சோற்றை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். கொதிக்கிற தண்ணீருக்கு அவை சாகாது. இங்கே ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் நம் ஊர்க் கொதிக்கு இன்னும் வலு குறைவு. சோறு வெந்து, வெதுவெதுப்பாக ஆறுகிற நேரத்தில் அந்த வித்துகள் முளைத்துப் பெருகும். அப்போது அந்தக் கிருமி விடுகிற ஒரு நஞ்சு வாந்தியைக் கொண்டுவரும். மறுபடி சுட வைத்தால் கிருமி சாகும், நஞ்சு போகாது. “சுட வைத்துத்தானே சாப்பிட்டோம்” என்று சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 60 டிகிரிக்கு மேலும் 5 டிகிரிக்குக் கீழும் கிருமிகளால் அவ்வளவாகப் பெருக முடியாது. நடுவில் இருக்கிறதெல்லாம் அவற்றுக்குச் சாதகமான இடம். சாதாரண நாளில் ரெண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம் என்பதுதான் புளிப்பு சேராத சமைத்த உணவுக்குச் சொல்கிற கணக்கு. மதுரைக்குப் போகிற வெறும் சோறு இந்தக் கணக்கில் தேறவே தேறாது.

அப்போது என்ன செய்வது? நம் பாட்டிகள் கண்டுபிடித்த வழிதான்: புளிப்பு. புளி, எலுமிச்சை, தயிர் மூன்றும் சோற்றைக் காப்பாற்றுவது அந்தப் புளிப்பால்தான். அமிலத்தை அளக்கிற பிஹெச் என்ற எண் புளிப்பு கூடக் கூடக் குறையும், அது 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால் பெரும்பாலான கெட்ட கிருமிகளால் பெருக முடியாது.

என் புளிக்காய்ச்சலை விவரமாகவே சொல்கிறேன். 100 கிராம் பழைய புளியை வெந்நீரில் ஊற வைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்வேன். 150 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, பதினைந்து வற்றல் மிளகாய், கட்டிப் பெருங்காயம், கறிவேப்பிலை போட்டுத் தாளித்து, மஞ்சள்தூள், கல் உப்போடு கரைசலை ஊற்றுவேன். அடுப்பைக் குறைத்து வைத்து, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். முதலில் நுரைக்கும், பிறகு குமிழி பெரிதாகி முகத்தில் தெறிக்கும், அதற்கும் பிறகு சத்தம் அடங்கி எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். கரண்டியால் கோடு போட்டால் கோடு மூடிக்கொள்ளாது. அதுதான் பதம். தண்ணீர் அவ்வளவும் போய்விட்டது என்று அர்த்தம். அங்கே வறுத்த வெந்தயப்பொடியும் மல்லிப்பொடியும் தூவி இறக்கிவிடுவேன். மூன்று டம்ளர் அரிசிச் சோற்றுக்கு இது தாராளமாக வரும்.

சோறு குழையக் கூடாது. வெந்ததும் பெரிய தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, மரக்கரண்டியால் பரத்திவிட வேண்டும். குவியலாக இருந்தால் நடுச்சோறு மணிக்கணக்கில் ஆறாது. விரல் தடிமனுக்குப் பரத்தினால் எங்கள் ஊர்க் காலைக் குளிரில் கால் மணி நேரத்தில் ஆறிவிடும். இந்த ஒரு விஷயத்தில் கொடைக்கானல் குளிர் நமக்கு உண்மையிலேயே உதவி செய்கிறது. ஆறிய பிறகு புளிக்காய்ச்சலைப் போட்டு ஒவ்வொரு பருக்கையிலும் நிறம் ஏறும் வரை பிசறுவேன். எங்கேயாவது வெள்ளையாகத் தெரிந்தால் அந்த இடத்தில் புளிப்பு சேரவில்லை என்று பொருள், இன்னும் பிசற வேண்டும். வறுத்த வேர்க்கடலையைத் தனிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவேன், சாப்பிடும்போது போட்டுக்கொள்ளட்டும். இவ்வளவு செய்தும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துச் சாப்பிட நான் சம்மதிக்க மாட்டேன்.

சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடுவதுதான் நான் பார்க்கிறதிலேயே பெரிய தவறு. மூடியின் உள்பக்கம் வேர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சோற்றில் இறங்கும். மேல்சோறு ஈரமாகி அங்கிருந்துதான் கெட ஆரம்பிக்கும். டப்பாவும் வெந்நீரில் கழுவித் துடைத்துக் காய்ந்ததாக இருக்க வேண்டும்.

தயிர்சாதம் கதை வேறு. அதைக் கிளம்பும்போதே தயிர்விட்டுப் பிசைந்தால் மதியத்துக்குள் வாயில் வைக்க முடியாத புளிப்பு ஏறிவிடும். அதனால் குழைய வெந்த சோற்றை மசித்து, காய்ச்சிய பாலை ஊற்றி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ரெண்டு கரண்டி நல்ல புதுத் தயிர் விட்டுக் கலக்க வேண்டும். மேலே இஞ்சி, பச்சை மிளகாய், கடுகு தாளித்துக் கொட்டலாம். வீட்டை விட்டு இறங்கும்போது அது பால்சோறாகத்தான் இருக்கும். மலை இறங்கி வெயில் ஏற ஏற உறைந்து, மதியம் சாப்பிடும்போது சரியான தயிர்சாதமாகியிருக்கும். தயிர் விடுவதில் கஞ்சத்தனம் கூடாது. உறையில் இருக்கிற நல்ல கிருமி சீக்கிரம் புளிப்பை உண்டாக்கினால்தான் கெட்டது உள்ளே நுழையாமல் இருக்கும். வெள்ளரி, வெங்காயம், திராட்சை எதுவும் போட வேண்டாம். தொட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு போதும். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றுகிற பிள்ளைகளும் அதை வாயில் அடக்கிக்கொள்ளலாம். அப்புறம், தயிர்சாதத்தை மதியத்தோடு முடித்துவிட வேண்டும், சாயங்காலத்துக்கு மிச்சம் வைக்கக் கூடாது.

தேங்காய் போட்ட எதையும் நான் கட்டுவதில்லை. சட்னி, தேங்காய்ச் சாதம், தேங்காய்ப்பூ தூவிய சுண்டல் எல்லாமே வீட்டில் சாப்பிட வேண்டியவை. சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு மசாலா, முட்டைக் குழம்பும் அப்படித்தான். இட்லி கட்டலாம், காலைச் சாப்பாட்டுக்கு. நன்றாக ஆறவிட்டு, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை ரெண்டு பக்கமும் தடவி அடுக்க வேண்டும்.

கட்டுவதற்கு வாழை இலைதான் எனக்குப் பிடிக்கும். கொடைக்கானல் குளிருக்கு வாழை சரியாக வராது. பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் மலைவாழைத் தோட்டங்கள் உண்டு. அங்கிருந்து வருகிற இலையைக் கழுவித் துடைத்து, தணலில் மேலாக வாட்டினால் பச்சை கறுத்துப் பளபளத்து, மடித்தால் கிழியாத பதத்துக்கு வந்துவிடும். வாட்டாத இலை முதல் மடிப்பிலேயே விரிந்துவிடும். பிளாஸ்டிக் கவரில் சோறு கட்டுவதை எங்கள் மலையில் யாரும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சோறும் வேர்க்கும், கவரும் ஏதாவது ஒரு காட்டெருமை வயிற்றுக்குப் போகும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீரைக் கொண்டுபோவது வயிற்றுக்கும் நல்லது.

பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும், நான் பூம்பாறையில் பிறந்தவள். புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மலைப்பூண்டை அம்மா கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் தொங்கவிடுவார். மாதக்கணக்கில் இருக்கும். அப்படிப்பட்ட பூண்டை இப்போது சிலர் உரித்து, பச்சையாகவே எண்ணெயில் மூழ்கப் போட்டு, பாட்டிலில் அடைத்துப் பயணத்துக்கு எடுத்துப்போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பூண்டு மண்ணுக்குள் விளைவது. அந்த மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். காற்றுப் புகாத, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் அது நரம்பையே முடக்குகிற நஞ்சை உண்டாக்கும். எண்ணெய்க்குள் பூண்டுக்குக் கிடைப்பது அப்படிப்பட்ட இடம்தான். வாசனையிலோ நிறத்திலோ ஒன்றும் தெரியாது. பூண்டு வேண்டுமென்றால் புளியும் உப்பும் தாராளமாகச் சேர்த்து, சுருள வதக்கித் தொக்காகச் செய்யுங்கள். இல்லையென்றால் மொறுமொறுவென வறுத்து, பருப்போடு சேர்த்து ஈரமில்லாத பொடியாக அரைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளுக்கு மேல் பயணம் என்றால் சோற்றை மறந்துவிட வேண்டும். கொடை ரோட்டில் ராத்திரி ரயில் ஏறி, சென்னை போய், அங்கிருந்து இன்னொரு ரயில் பிடிக்கிறவர்கள் முதல் ராத்திரிக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் எடுத்துக்கொள்ளலாம். மறுநாளுக்குக் காய்ந்ததும் இனிப்பானதும்தான் சரி: பொரிவிளங்காய் உருண்டை, தட்டை, பொரித்த அவல், வறுத்த கடலை, தோலோடு இருக்கிற மலைவாழைப்பழம். பழனி பஞ்சாமிர்தத்தையே பாருங்கள். 2019-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் என்று எல்லாம் சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் பிசைகிறார்கள். பழத்தில் இருக்கிற ஈரத்தையும் சர்க்கரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் மிஞ்சாது. டப்பாவைத் திறந்த பிறகு எடுக்கிற கரண்டி ஈரமாக இருந்தால் அந்தக் காவல் போய்விடும். சப்பாத்தியோடு தொட்டுக்கொண்டால் பிள்ளைகள் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிடும்.

வண்டிக்குள் எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். டிரைவர்கள் வழக்கமாகச் சாப்பாட்டுப் பையை இன்ஜின் மேல் பக்கத்தில் வைப்பார்கள், கை எட்டும் என்று. மலை ஏற்றத்தில் அந்த இடம் கொதிக்கும். கண்ணாடிக்குக் கீழே வைத்தால் வெயில் நேராக விழும். பின்னால் காய்கறி மூட்டைகளுக்கு நடுவில் குளுகுளுவென்று இருக்கும்தான், ஆனால் அங்கே மண்ணும் தெளித்த மருந்தும் இருக்கிறது. அதனால் சீட்டுக்குப் பின்னால், நனைத்துப் பிழிந்த துண்டில் சுற்றி, கூடைக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஈரத்துண்டு காய்ந்தால் மறுபடி நனைத்துக்கொள்வார். கூடவே ஒரு சோப்பும் கை கழுவத் தனி பாட்டில் தண்ணீரும் போகும். கையில் ஒட்டியிருக்கிற அழுக்கைப் புளி ஒன்றும் செய்ய முடியாது.

சாயங்காலம் டப்பாவில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடச் சொல்லித்தான் அனுப்புவேன். சோற்றை வீணாக்க எனக்கு மனசு வராது, அதனால்தான் ஒரு கரண்டி குறைவாகவே கட்டுகிறேன். குறைந்த பசிக்கு அவல் இருக்கிறது, பழம் இருக்கிறது. மோந்து பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி, வளர்கிற பிள்ளைக்கோ வயதானவர்களுக்கோ, மாசமாக இருக்கிற பெண்ணுக்கோ அதைக் கொடுத்துவிடாதீர்கள். நான் சொன்ன நஞ்சுக்கு வாசனை கிடையாது.