துப்பாக்கி உரிமத்துக்கு ஒரு மருத்துவ அறிக்கை

இங்கிலாந்தில் ஒரு கிராமப்புறத்தில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று போகும் நாளின் நடுவே துப்பாக்கி உரிமத்துக்கான மருத்துவ அறிக்கையும் அவ்வப்போது மேசைக்கு வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். பயிரைத் தின்னும் புறாவையும் ஆட்டுக்குட்டியைத் தூக்கும் நரியையும் விரட்ட அவர்களுக்குத் துப்பாக்கி வேண்டும்.

2021 ஆகஸ்டில் பிளிமத்தில் ஒருவன் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான். போலீஸ் வாங்கி வைத்திருந்து, முந்தைய மாதம்தான் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி அது. அந்த நவம்பரிலிருந்து, மருத்துவத் தகவலைப் பார்க்காமல் உரிமம் தரக்கூடாது என்று ஆயிற்று.

மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், மறதிநோய், வலிப்பு, குடி, போதை: இவற்றில் ஏதாவது பதிவில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உரிமம் தருவதா என்று முடிவெடுப்பது போலீஸ். இதை எத்தனை சொன்னாலும், "நீங்கள்தானே டாக்டர் கையெழுத்துப் போடணும்" என்பார்கள்.

சிக்கல் பழைய பதிவுகளில் இருக்கிறது. எப்போதோ வந்துபோன மருத்துவர் ஒருவர் 'மனச்சோர்வு' என்று ஒற்றை வார்த்தை எழுதி மாத்திரை கொடுத்திருப்பார். முன்பின் படித்தால், மனைவி இறந்த சமயம் அது. சில மாதங்களில் மாத்திரையை நிறுத்தியும் இருக்கிறார். இரண்டையும் சேர்த்தே எழுதுவேன். நேரம் பிடிக்கும். (அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். ஒப்பந்தத்தில் சேராத வேலை. கட்டணம் விண்ணப்பதாரர் தலையில். அந்தக் கோபமும் என்மேல்தான்.)

மனசாட்சியைச் சொல்லி மறுக்கும் மருத்துவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் மறுத்தால், ஆளையே பார்த்திராத வேறொரு மருத்துவர் பதிவைப் புரட்டி எழுதித் தருவார், அவ்வளவுதான்.

உரிமம் ஐந்து வருடம் செல்லும். இடையில் ஏதாவது ஆனால் தெரியவேண்டும் என்று, நோயாளியின் கணினிப் பதிவில் ஒரு குறி வைக்கிறோம். கடும் ஆபத்து என்று பட்டால் சம்மதம் இல்லாமலும் போலீசுக்குச் சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது விவசாயிக்கும் தெரியும். தூக்கம் வரவில்லை என்று வருவார். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "முதுகுவலி என்றே எழுதிக்கோங்க" என்பார். தனிமை, கடன், வீட்டில் துப்பாக்கி. படிவத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கும் இவரைப் பற்றித்தான் எனக்கு அதிக பயம்.

இப்போதெல்லாம் சுற்றி வளைப்பதில்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். அப்புறம், கொஞ்ச நாள் துப்பாக்கியை உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கொடுத்து வைக்கலாமே என்பேன். பலர் அதற்குச் சரி என்கிறார்கள்; மாத்திரைக்குத்தான் இன்னும் தலையாட்டுவதில்லை.