ஒரே கேள்வித்தாள், இரண்டு ஆலைகள்

மார்ச் 3, திங்கள்

பாதுகாப்புக் கமிட்டியில் என்னைச் சேர்த்ததிலிருந்து பெரும்பாலும் பேப்பர் வேலைதான். இந்த முறை வந்திருப்பது கொஞ்சம் சுவாரஸ்யமானது. மேனேஜர், சூப்பர்வைசர், ஆபரேட்டர், கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள். பெயர் எழுத வேண்டாம், எந்தப் பிரிவு, என்ன வேலை என்று மட்டும் குறித்தால் போதும். இன்று அதைப் பிரித்துப் படிக்க உட்கார்ந்தேன்.

'ஆபத்து என்று தோன்றினால் மெஷினை நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டா?' மேனேஜர்கள் அநேகமாக எல்லோருமே 'உண்டு' என்று டிக் அடித்திருக்கிறார்கள். ஆபரேட்டர்களில் பலரும் அதே கட்டத்தில்தான் டிக் அடித்திருக்கிறார்கள், ஆனால் ஓரத்தில் ஏதாவது எழுதாமல் விடவில்லை. 'உண்டு. அப்புறம் ஏன் நிறுத்தினாய் என்று வரிசையாக எல்லோருக்கும் பதில் சொல்லணும்.' இன்னொருவர்: 'மாத ஆரம்பத்தில் உண்டு, மாதக் கடைசியில் இல்லை.'

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. மேனேஜர் விதியைச் சொல்கிறார். அந்த விதி நிஜமாகவே இருக்கிறது, கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. ஆபரேட்டரோ போன தடவை நிறுத்தியவனுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறார்.

மார்ச் 5, புதன்

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1980-லேயே டோவ் ஸோஹார் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் 20 தொழிற்சாலைகளில் இதைத்தான் அளந்தார். நிர்வாகம் பாதுகாப்பை எவ்வளவு மதிக்கிறது என்று தொழிலாளர்கள் நினைக்கிறார்கள் என்பதுதான் அவர் கேள்விகளின் மையம். நிர்வாகம் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது அதில் கணக்கிலேயே இல்லை. ஆட்கள் போஸ்டரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில்லை. உற்பத்தியும் பாதுகாப்பும் மோதும்போது சூப்பர்வைசரின் கை எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

நம் பயிற்சிக் கையேட்டில் இன்னமும் ஹைன்ரிக்கின் 88 சதவீதம்தான் முதல் பக்கத்தில் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த அமெரிக்கர் அவர். 100 விபத்தில் 88 தொழிலாளியின் தவறான செயலால் என்று 1931-ல் எழுதினார். காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை முதலாளிகள் கொடுத்த விபத்து அறிக்கைகளும்தான் அவருக்கு ஆதாரம். அடிபட்டவர் தன் கையால் எழுதியிருந்தால் அந்த எண் என்னவாக இருந்திருக்கும்?

மார்ச் 6, வியாழன்

பேக்கிங் லைனில் 'கார்டு கதவு (ஓடும் பாகங்களில் கை படாமல் தடுக்கும் கதவு) எப்போதும் மூடியிருக்கிறதா' என்ற கேள்விக்கு மேலிருந்து 'ஆம்' வந்தது. கீழிருந்து பாதிப் பேர் பதிலே எழுதவில்லை. நேரில் பார்த்துவிடலாம் என்று போனேன்.

கார்டு கதவின் ஓரத்தில் நாக்கு மாதிரி ஒரு உலோகத் துண்டு இருக்கும். கதவை மூடினால் அது சுவிட்சுக்குள் நுழையும், அப்போதுதான் லைன் ஓடும். கதவைத் திறந்தால் லைன் நின்றுவிட வேண்டும். இங்கே வேறொரு துண்டை ஒரு நூலில் கட்டி, நேராக சுவிட்சுக்குள் செருகி வைத்திருக்கிறார்கள். கதவு திறந்தே இருக்கிறது, ரோலர் ஓடிக்கொண்டிருக்கிறது. துண்டின் முனை தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. ஆடிட் நாளில் அது சட்டைப் பைக்குப் போய்விடும்.

ஏன் என்று கேட்டால் யாரும் பேசவில்லை. மூத்த ஃபிட்டரைத் தனியாகப் பிடித்தேன்.

"அண்ணே, என்ன இது?"

"அந்த வளைவைப் பாரு தம்பி."

வளைவில், பெட்டிகள் விலகாமல் போக வைத்திருக்கும் இரண்டு கைடு ரெயில்கள் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு படி. அட்டைப்பெட்டியின் மூலை அதில் தட்டி நிற்கிறது. பின்னால் வரும் பெட்டிகள் இடித்துக் குவிகின்றன. முறைப்படி செய்வதென்றால் கதவைத் திறந்து, லைன் நின்று, பெட்டியை எடுத்து, கதவை மூடி, அந்தக் கோடியில் இருக்கும் பேனலுக்கு நடந்து ரீசெட் பண்ண வேண்டும். அதற்குள் சூட்டில் ஒட்டி மூடும் சீலிங் பாரின் சூடு இறங்கியிருக்கும், திரும்ப ஏறும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் இது திரும்பத் திரும்ப நடந்தால் டார்கெட் காலி. ஓடும்போதே கையை விட்டுப் பெட்டியைத் தட்டிவிட்டால் ஒரு நொடி வேலை.

அந்தப் படியைப் பற்றி ஷிஃப்ட் நோட்டில் எத்தனையோ முறை எழுதியாயிற்று என்றார். நோட்டைப் புரட்டினேன். எழுதித்தான் இருக்கிறது. எதிரில் ஒவ்வொரு முறையும் 'பார்த்தேன்' என்று ஒரு கையெழுத்து.

மார்ச் 11, செவ்வாய்

கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் 'விபத்தில்லா நாட்கள்' போர்டைப் பற்றி யாரும் கேட்காமலே பலர் எழுதியிருக்கிறார்கள். மேனேஜர் ஒருவர்: 'நமது பெருமை.' ஆபரேட்டர் ஒருவர்: 'விரலில் அடிபட்டால் கையுறைக்குள் துணி சுற்றிக்கொள்வோம். என்னால் எல்லோருக்கும் பரிசு போகக் கூடாது இல்லையா.'

இந்த இரண்டாவது வரியை நிர்வாகத்தில் ஒவ்வொருவரிடமும் படித்துக் காட்ட வேண்டும் போலிருக்கிறது. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் செத்தார்கள். பின்னர் விசாரித்த ஜேம்ஸ் பேக்கர் குழு, அந்த நிறுவனம் ஆட்களுக்கு ஏற்படும் காயங்களின் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து ஆலையே பத்திரமாக இருப்பதாக நம்பிவிட்டது என்று சொன்னது. வழுக்கி விழுவது குறைவதற்கும், கோபுரத்தில் திரவ மட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஓட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை. 2010-ல் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற கடல் எண்ணெய்த் துளை மேடை வெடித்து 11 பேர் இறந்த அன்று மேலதிகாரிகள் அந்த மேடைக்கு வந்திருந்தார்கள். வேலைநாள் இழப்பு விபத்து இல்லாமல் ஏழு வருடம் ஓடியதைப் பாராட்டவும்தான் அந்த வருகை.

மார்ச் 14, வெள்ளி

உற்பத்தி மேனேஜரிடம் வளைவின் போட்டோவைக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது வரவே இல்லையே" என்றார். நோட்டு சூப்பர்வைசரோடு நின்றுவிடுகிறது. சூப்பர்வைசரைக் கேட்டால், 'லைனை நிறுத்தணும் என்று மேலே போய்ச் சொன்னால் வேலை தெரியாதவன் என்பார்கள்' என்கிறார். கெட்ட செய்தி ஒவ்வொரு படி ஏறும்போதும் கொஞ்சம் இளைத்துவிடுகிறது.

மேனேஜர் தன் பக்கத்தையும் சொன்னார். தினமும் காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும். முதல் கேள்வி எத்தனை டன். இரண்டாவது கேள்வி ஏன் குறைந்தது. பாதுகாப்பு பற்றிக் கேட்பது அடிபட்ட மறுநாள் மட்டும்தான். அவரை மட்டும் வில்லனாக்குவது எளிது, ஆனால் சரியில்லை.

சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, 1986 ஜனவரி 27. குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக வேலை செய்யாது, ஏவ வேண்டாம் என்று ராக்கெட் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சொன்னார்கள். பொறியியல் பிரிவின் துணைத்தலைவரும் முதலில் அவர்கள் பக்கம்தான். அவருடைய மேலதிகாரி, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவரும் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை ஏழு பேர் இறந்தார்கள். அந்தத் துணைத்தலைவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. அந்த அறையில் எந்தப் பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மார்ச் 19, புதன்

கான்ட்ராக்ட் ஆட்களின் தாள்களை இன்றுதான் பிரித்தேன். எல்லாவற்றிலும் 'மிக நன்று'. எல்லாம் ஒரே நீல மை, ஒரே மாதிரி சாய்ந்த டிக். ஒப்பந்ததாரரின் ஆளே உட்கார்ந்து மொத்தத்தையும் நிரப்பியிருக்கிறார். உயரத்தில் ஏறுவதும் தொட்டிக்குள் இறங்குவதும் இவர்கள்தான். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு எழுத்துகூட நம் கையில் இல்லை.

மார்ச் 22, சனி

லைன் நிறுத்தம். ஃபிட்டர் அண்ணன் இரண்டு துண்டு ரெயிலைக் கழற்றிவிட்டு ஒரே நீளமாக வளைத்த ரெயிலைப் பொருத்தினார். காலையில் ஆரம்பித்த வேலை மதியத்துக்குள் முடிந்தது. ரீசெட் பட்டனையும் கதவுக்குப் பக்கத்தில், உள்ளே கை எட்டாத தூரத்தில், இன்னொன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் அடுத்த வாரம் என்கிறார், பார்ப்போம்.

பாதுகாப்புப் பாடங்களில் முதலில் வருவது ஆபத்தையே எடுத்துவிடுவது. கையுறையும் ஹெல்மெட்டும் கடைசிப் படி. நடைமுறையில் நாம் கடைசிப் படியில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறோம். ஹெல்மெட் போடாதவனைப் பிடிப்பது சுலபம், ரெயிலை மாற்றப் பட்ஜெட் கேட்பது கஷ்டம்.

மார்ச் 27, வியாழன்

கமிட்டிக் கூட்டம். புது ரெயில் போட்ட லைனில் நூலில் கட்டிய துண்டைக் காணோம். யாரும் உத்தரவு போடவில்லை, தேவைப்படவில்லை. பக்கத்து லைனில் இன்னும் தொங்குகிறது, அங்கே பெட்டி இன்னும் தட்டுகிறது.

பேர் வெளியே தெரியாமல் புகார் சொல்ல ஒரு வழி வேண்டும் என்று கேட்டேன். விமானத் துறையில் 1976 முதல் இது நடக்கிறது. அமெரிக்காவில் விமானிகள் தங்களுக்கு நேர்ந்த சிக்கல்களை நாசாவுக்கு எழுதுவார்கள். நாசாவுக்கு அவர்களைத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. எழுத வைப்பதே அதுதான். இங்கே புகார்ப் பெட்டியின் சாவி சூப்பர்வைசரிடம் இருக்கக் கூடாது என்பது மட்டும் முடிவாயிற்று.

போர்டை எடுக்க மேனேஜர் சம்மதிக்கவில்லை, தலைமை அலுவலகம் கேட்கும் என்றார். பரிசை நிறுத்த ஒத்துக்கொண்டார். போர்டின் கீழே, சொல்லப்பட்ட ஆபத்துகள் எத்தனை, சரிசெய்தவை எத்தனை என்று எழுதப்போகிறோம். ஆபரேட்டர் பிரதிநிதி ஒரு நிபந்தனை வைத்தார்: சரிசெய்யாததற்குக் காரணமும் எழுத வேண்டும்.

"பணம் இல்லை என்றும் எழுதலாமா?" என்றார் மேனேஜர்.

"அதையே எழுதுங்க சார். 'பார்த்தேன்'னு மட்டும் எழுதாதீங்க."

மினிட்ஸில் ஏற்றியாயிற்று. கான்ட்ராக்ட் ஆட்களிடம் அதே கேள்விகளை ஒப்பந்ததாரர் இல்லாமல் நேரில் கேட்கும் வேலை என் தலையில். திங்கட்கிழமை இரவு ஷிஃப்டில் ஆரம்பிக்கிறேன்.