மின்கட்டணக் கருத்துக்கேட்பு: பேசப் போகிறவர்களுக்கு

2022 ஆகஸ்ட் 16, கோவை. மின்கட்டண உயர்வு பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்துக்காக லேத் பட்டறையை மூடிவிட்டுப் போனேன். அங்கே பேசியதைவிட, பேசத் தயாரானதுதான் என்னை வாட்டிவிட்டது.

கட்டணத்தை உயர்த்தக் கேட்டு, ஜூலை 18-ல் மின்வாரியம் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் மனு தாக்கல் செய்தது. எங்களுக்கு எவ்வளவு ஏறும் என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "அதெல்லாம் இங்க இல்லைங்க, நெட்ல பாருங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். மறுநாள் இன்னோர் அலுவலகம். விவரம் தெரிந்தவர் லீவு. இரண்டு நாள் வேலை கெட்டது. கடைசியில் தங்கை மகள்தான் மனுவை நெட்டிலிருந்து இறக்கித் தந்தாள். ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக அட்டவணை. பில் கட்டுகிறவன் இதை எப்படிப் படிப்பான்? இன்னும் ஆறவில்லை எனக்கு.

முழுவதும் படிக்க முயலாதீர்கள். உங்கள் பில்லில் கட்டணப் பிரிவு இருக்கும். எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு 3பி. அதை மட்டும் தேடுங்கள்.

ஆணையத்துக்கு என் ஆட்சேபத்தைச் சாதாரணத் தபாலில் போட்டுவிட்டேன், கையில் ரசீது இல்லை. அது போய்ச் சேர்ந்ததா என்ற கவலையில் தூக்கமே போனது. பதிவுத் தபாலில் அனுப்புங்கள், இல்லையென்றால் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். நான் கூட்டத்தன்று இன்னொரு பிரதி கொடுத்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

பெயர் பதிந்து காத்திருந்தேன். நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் பாதியை எனக்கு முன்னால் பேசியவர்களே சொல்லிவிட்டார்கள். சரி என்று தாளை மடித்துவிட்டு, என் பில்லை மட்டும் எடுத்துப் பேசினேன். மெஷின் ஓடாவிட்டாலும் கிலோவாட்டுக்கு 35 ரூபாய் நிலைக்கட்டணம் கட்டுகிறோம், அதையும் ஏற்றினால் எங்கே போவது என்று கேட்டேன். மின்சாரத் தேவை கூடும் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் என்கிறீர்கள். பட்டறை வீடுகளுக்கு நடுவே இருக்கிறது, அந்த நேரத்தைத் தவிர்க்க நடுராத்திரியில் லேத் ஓட்ட முடியுமா என்றேன். இறங்கி வந்ததும் முன்பின் தெரியாத ஒரு பெரியவர், "அந்த ராத்திரி விஷயத்தை யாருமே சொல்லலைங்க தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 10-ல் புதிய கட்டணம் வந்துவிட்டது, உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதலோடு. மனசு விட்டுப் போனது. அப்புறம் சிறுதொழில் சங்கங்கள் விடாமல் கேட்டு, நவம்பரில் அது 15 ஆனது.

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 64-ன்படி மக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே ஆணையம் கட்டண ஆணை போட வேண்டும். ஆணையிலும் அவற்றைத் தொகுத்துப் பதிலோடு தருகிறார்கள். அதனால் எழுத்தில் கொடுக்காமல் வெறுமனே பேசிவிட்டு வராதீர்கள்.