ஃபெர்மா சறுக்கிய எண்

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் 4294967297 என்று எழுதி வகுத்துக்கொண்டிருந்தேன். செல்போன் நம்பர் போலப் பத்து இலக்கம்.

32 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் இது வரும். 32க்குப் பதில் 1, 2, 4, 8, 16 என்று வைத்தால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். அதனால் இதுவும் பகா எண்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஃபெர்மா நம்பினார். மகா கெட்டிக்காரர், இதில் சறுக்கிவிட்டார். 1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

இது பகா எண்ணா என்று பார்க்க, இதன் வர்க்கமூலம் வரை, அதாவது சுமார் 65536 வரை, உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதற்குள்ளேயே 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்தால் கை ஒடிந்துவிடும். ஆனால் இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்று ஆய்லர் நிரூபித்தார். அப்படிச் சலித்தால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே ஆள் சிக்கிவிட்டது! (577இல் எனக்குக் கணக்குப் பிசகி இரண்டு தடவை வகுத்தேன், அது வேறு விஷயம்.)

இந்த வகையில் ஆறாவது பகா எண் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.