ரோலர் மேஸ்திரி

டீ ஃபாக்டரியில வேலை பாத்தவங்களுக்கு தெரியும், சிடிசி ரூம்ல, அதாவது இலைய நசுக்கி கிழிச்சு சுருட்டற மெஷின் ஓடற ரூம்ல, ஒருத்தர்கிட்ட ஏதாவது சொல்லணும்னா காதுக்குள்ளயே கத்தணும். 2003ல கோத்தகிரி பக்கம் ஒரு ஃபாக்டரியில சூப்பர்வைசரா சேந்தேன், முதல் நாள் நானும் அப்படித்தான் கத்துனேன். காக்கி சட்டை, தலையில குரங்கு குல்லா, நீளமா ஒரு ஸ்க்ரூடிரைவர பேரிங் மேல ஊனி கைப்பிடிய காதுல ஒட்டிக்கிட்டு ஒருத்தர் நின்னுட்டு இருந்தார். திரும்பக்கூட இல்ல, கைய மட்டும் தூக்கி இருன்னு காட்டினார். அப்புறமா வந்து, "மூணாவது மெஷின் பேரிங் ரெண்டு நாள்தான் தாங்கும், ஆபீஸ்ல சொல்லிடுங்க சார்"னார். நான் சொல்லல. ஸ்க்ரூடிரைவர காதுல வச்சு குறி சொன்னாருன்னு போய் நின்னா சிரிப்பாங்கன்னு நெனச்சேன். ரெண்டாவது நாள் ராத்திரி பேரிங் போச்சு.

அவர்தான் ரோலர் மேஸ்திரி. பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்ல.

டீ குடிக்க மட்டும் செய்யறவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். வாட வச்ச கொழுந்து ரெண்டு ஸ்டீல் ரோலருக்கு நடுவுல போகும், ரெண்டுலயும் பல்லு வெட்டியிருக்கும், ஒண்ணு நிமிஷத்துக்கு 70 சுத்து சுத்துனா இன்னொண்ணு 700, அந்த வித்தியாசத்துலதான் இலை நசுங்கி கிழிஞ்சு சுருண்டு வருது. பல்லு மழுங்கிட்டா வெட்டாது, உரசும், இலை சூடாகும், தூள் கருப்பா வராம பழுப்படிச்சு நாரு நாரா வரும். குன்னூர் ஏலத்துக்கு சாம்பிள் பாக்கறவங்க கைல கொட்டி பாத்ததுமே கண்டுபிடிச்சுடுவாங்க. அதனால இத்தன மணி நேரம் ஓடுச்சுன்னா கழட்டணும்னு கணக்கு இருக்கு, கழட்டி மில்லிங் போட்டு சேசிங் போட்டு பல்ல புதுசா எடுக்கணும். ஒவ்வொரு தடவையும் ரோலர் கொஞ்சம் எளைக்கும். ரொம்ப வெட்டினா ரோலர் ஆயுசு போச்சு, கம்மியா வெட்டினா டீ போச்சு. அந்த அளவுதான் மேஸ்திரியோட வேலை. திரும்ப மாட்டும்போது நடுவுல மெல்லிசா ஒரு பேப்பர விட்டு கையால உருட்டி, பல்லு தடம் எப்படி விழுந்திருக்குன்னு வெளிச்சத்துல தூக்கி பாப்பார். சில நாள் அதுக்கே ஒரு மணி நேரம் ஆக்கிடுவார், எனக்கு எரிச்சலா வரும்.

ஒரு மே மாசம், கொழுந்து மூட்டை மூட்டையா வந்து எறங்குது, நைட் ஷிப்ட்ல, இலையோட வர்ற இரும்ப புடிக்கற காந்தத்த சுத்தம் பண்ணவே இல்ல, பாக்க வேண்டியது நான். எங்கயோ இருந்து ஒரு நட்டு ரோலருக்குள்ள போயி பல்லு வரிசையா தெறிச்சிருச்சு. மேனேஜர் வந்து கேட்டப்போ மேஸ்திரி என்னையே காட்டி "சார் காந்தத்த பாக்கல"ன்னு சொல்லிட்டார். பயங்கர கோவம் எனக்கு. ஆனா அன்னிக்கு ராத்திரி பூரா நின்னு அந்த ரோலர சரி பண்ணதும் அவர்தான், நானும் நின்னேன், வேற எங்க போறது. விடிகாலை நாலு மணிக்கு டிபன் டப்பாவ தொறந்து தேங்கா ரொட்டியில பாதிய பிச்சு சம்பல் வச்சு குடுத்தார். எல்லார் முன்னாடியும் சார், தனியா இருந்தா தம்பி. "கொழுந்து வாடி கெடக்கு தம்பி, அது நமக்காக காத்திருக்குமா? மூணு மூட்டை போட்ட ஹட்டிக்காரன் பொழப்பும் அதுலதான் கெடக்கு"ன்னார். ஹட்டின்னா இங்க படுகர் ஊரு. பச்சைத் தேயிலை விலை விழுந்து சின்ன விவசாயிங்க தோட்டத்த அப்படியே விட்டுட்டு கோயம்புத்தூர், திருப்பூர்னு கெளம்பிட்டு இருந்த காலம் அது.

அந்த ரொட்டி சம்பல்லதான் அவர் கதைய கேட்டேன். இலங்கையில ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்துல, அதான் தொழிலாளிங்களோட வரிசை வீட்ல, பொறந்தவர், அப்பா அங்க ஸ்டோர்ல வேலை. சிலோன்ல டீ ஃபாக்டரிய ஸ்டோருன்னுதான் சொல்வாங்களாம், கடைசி வரைக்கும் அவர் வாயில ஸ்டோருதான். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துல, அங்க இருந்த இந்திய வம்சாவளிக்காரங்கள்ல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கறதா எழுதினாங்களே, அதுல ஒரு தலை இவர். 1974ல பதினாறு வயசுல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அங்கிருந்து இந்த மலை. சம்சாரம் டான்டீயில, அதான் அரசாங்க தேயிலைத் தோட்டத்துல, கொழுந்து எடுத்தாங்க. ரெண்டு பொண்ணு, ஒரு பையன். சீசன் இல்லாத மாசத்துல ஷிப்ட் முடிச்சுட்டு வேற ஃபாக்டரிகளுக்கு போய் ராத்திரி ரோலர் தீட்டுவார், அந்த காசுல பெரிய பொண்ண நர்சிங் படிக்க வச்சார். பையனுக்கு ரோலர் புடிக்கல, ஊட்டியில டாக்சி ஓட்டப் போயிட்டான், அதுக்கு ஒரு வருஷம் அவன்கிட்ட பேசல. அந்த விஷயத்துல பிடிவாதம் ஜாஸ்தி, நான் சொல்லிப் பாத்தேன், என்கூடயும் ரெண்டு நாள் பேசல.

சட்டைப் பாக்கெட்ல ஒரு சின்ன நோட்டு எப்பவும் இருக்கும். முன்னாடி பக்கத்துல ரோலர் நம்பர், விட்டம், ஓடின மணி. பின்னாடி பக்கத்த திருப்புனா லயத்துல யாரு புள்ளைக்கு ஜாதி சர்டிபிகேட் வேணும், யாரு வீட்ல குடும்ப கார்டு தொலைஞ்சிருக்குன்னு எழுதியிருப்பார். மண்டபத்துல குடுத்த அந்த கார்டு இல்லன்னா தாலுக்கா ஆபீஸ்ல ஒண்ணும் நடக்காது, புள்ளைங்க படிப்பு பாதியில நிக்கும். லீவு நாள்ல அதுங்கள கூட்டிக்கிட்டு போய் அங்க உக்காந்திருப்பார். எழுத்து ஒரே மாதிரி, ரோலருக்கும் புள்ளைங்களுக்கும், டிக் போட்டு தேதி.

2009 நவம்பர் மழை இந்தப் பக்கம் யாருக்கும் மறக்காது. கேத்தியில ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர், மண்ணு சரிஞ்சு மாவட்டத்துல 40 பேருக்கு மேல செத்தாங்க. ரோடு இல்ல, கரண்ட் இல்ல, ஃபாக்டரி நின்னு போச்சு. மேஸ்திரி யார்கிட்டயும் கேக்காம குடோன்ல இருந்த தார்பாய் அத்தனையும் பசங்கள வச்சு தூக்கிட்டு போய் லயத்துக்காரங்களுக்கு கட்டி குடுத்துட்டார், ட்ரையருக்கு வச்சிருந்த வெறகுலதான் பத்து நாள் அங்க கஞ்சி காய்ச்சுனாங்க. அப்புறம் தார்பாய் காச அவர் சம்பளத்துல மாசாமாசம் புடிச்சாங்க. நான் அப்போ ஆபீஸ்லதான் இருந்தேன், அந்த வவுச்சர்ல கையெழுத்து போட்டதுல நானும் ஒருத்தன். அவர் ஒண்ணும் சொல்லல, நோட்டுல எழுதிக்கிட்டார்.

ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே காது போயிருச்சு. அந்த சத்தத்துல முப்பது வருஷம் நின்னா என்ன ஆகும். ஸ்க்ரூடிரைவர விட்டுட்டு மெஷின் மேல உள்ளங்கைய வச்சு பாப்பார், அப்பவும் தப்பினதில்ல.

போன மாசம் அவர் போயிட்டார்னு போன் வந்துச்சு. மேட்டுப்பாளையம் வழியா ஏறி போறதுக்குள்ள மதியம் ஆயிடுச்சு. சர்டிபிகேட் வாங்கி படிச்ச புள்ளைங்க எங்கெங்கயோ இருந்து வந்திருந்தாங்க, ஹட்டியில இருந்து பெரியவங்க வெள்ளைப் போர்வையோட வந்து உக்காந்திருந்தாங்க. டாக்சிக்கார பையன்தான் எல்லாத்தையும் ஓடியாடி பாத்துக்கிட்டான். அவர்கிட்ட வேலை கத்துக்கிட்ட பையன மட்டும் காணோம். எடுத்து முடிச்சு எல்லாரும் கெளம்பற நேரத்துக்கு வந்தான், கையெல்லாம் கிரீஸ். ஏண்டா இவ்வளவு லேட்டுன்னு கேட்டேன்.

"இன்னிக்கு ரோலர் மாத்தற நாள் சார். பாதியில விட்டுட்டு வந்தா திட்டுவாரு."