கம்பெனி போன பிறகும் நின்ற கிளப்

ஸ்பெயினில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் காற்பந்துக் கிளப்புகளில் மிகப் பழையது எது என்று கேட்டால், பெரும்பாலோர் மட்ரிட்டையோ பார்சலோனாவையோ சொல்வார்கள். அந்தப் பெருமை உண்மையில், நாட்டின் தென்மேற்கு மூலையில், போர்ச்சுகல் எல்லைக்குப் பக்கத்தில், அட்லாண்டிக் கரையோரம் இருக்கும் உவெல்வா என்ற துறைமுக நகரத்துக்கு உரியது. 1889ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் அங்கே தொடங்கப்பட்ட ரெக்ரியாத்திவோ கிளப்பை ஸ்பானியர்கள் இன்றைக்கும் 'மூத்தவர்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள். தர்ரகோனா நகரத்தின் ஜிம்னாஸ்திக் 1886இலேயே தோன்றியது என்று சிலர் வாதாடுவதுண்டு. ஆனால் உடற்பயிற்சிக்காகத் தொடங்கப்பட்ட அந்தக் கழகம் காற்பந்துக்குள் வந்தது 1914இல் என்பதால், அந்த வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூத்தவர் 2025இல் நான்காம் பிரிவுக்கு இறங்கிவிட்டார் என்பது வேறு விஷயம்.

கோலாலம்பூரின் மாமாக் உணவுக் கடைகளில், விடியற்காலை மூன்று மணி ஆட்டத்துக்காக மட்ரிட் சட்டையும் பார்சலோனா சட்டையும் அணிந்துகொண்டு, ஆறிப்போன தே தாரே தேநீருக்கு முன்னால் கண்விழித்திருக்கும் என் நண்பர்கள், இப்படியொரு கிளப்பை ஏன் பின்தொடர்கிறாய் என்று கேட்பதுண்டு. அதன் பிறப்பைப் படித்தபோது எனக்கு நம் மலேசியத் தோட்டங்களின் ஞாபகம் வந்தது என்பதுதான் என் பதில்.

உவெல்வாவுக்கு வடக்கே, செந்நிற நீர் ஓடும் ரியோ டிண்டோ ஆற்றின் தலைப்பகுதியில், ரோமானியர் காலத்துக்கும் முன்பிருந்தே செம்பு தோண்டப்பட்டு வந்த சுரங்கங்களை, 1873இல் ஸ்பெயின் அரசிடமிருந்து ஒரு பிரிட்டிஷ் கம்பெனி விலைக்கு வாங்கியது. ஆற்றின் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்ட அந்தக் கம்பெனிதான் இன்று உலகின் மிகப் பெரிய சுரங்க நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கும் ரியோ டிண்டோ. கம்பெனி இரயில் பாதை போட்டது. உவெல்வாவில் தாது ஏற்றுவதற்கென்று கடலை நோக்கி நீளும் துறைமேடை ஒன்றைக் கட்டி, 1876இல் திறந்தது. சுரங்கத்தை ஒட்டி, தன் ஆங்கிலேய அதிகாரிகளுக்காக பெல்யா விஸ்தா என்ற தனிக் குடியிருப்பை அமைத்து, சுற்றிச் சுவர் எழுப்பியது. மேட்டில் துரையின் பங்களாவும் பள்ளத்தில் லயத்து வீடுகளுமாக வாழ்ந்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்கத் தேவையில்லை.

கிளப் பிறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சுரங்க ஊரில் நடந்ததை, காற்பந்து வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் தொடாமலே போய்விடுகிறார்கள். தாதுவை விறகின்மேல் குவித்து, திறந்தவெளியில் மாதக்கணக்கில் எரியவிடுவது கம்பெனியின் வழக்கம். அதிலிருந்து எழுந்த கந்தகப் புகை சுற்றுவட்டாரத்து உழவர்களின் பயிரைக் கருக்கியது. புகை தரையோடு படிந்து வேலை செய்ய முடியாமல் போன நாட்களில் தொழிலாளர்களின் கூலியும் பிடிக்கப்பட்டது. உழவர்களும் தொழிலாளர்களும் ஒன்றுசேர்ந்து, 1888 பிப்ரவரி 4ஆம் நாள், குடும்பத்தோடு ஊர் மன்றத்தின் முன்னால் திரண்டபோது, வரவழைக்கப்பட்டிருந்த படைவீரர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 13 பேர். நூற்றுக்கும் மேல் என்பதே அந்த வட்டாரத்து மக்களின் நம்பிக்கை. அந்த ஆண்டை அங்கே இன்றும் 'துப்பாக்கிச் சூட்டு ஆண்டு' என்றே சொல்கிறார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் துப்பாக்கியால் அடக்கப்பட்டதை வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்த எனக்கு, இந்தப் பின்னணியை ஒதுக்கிவிட்டு அந்தக் கிளப்பின் கதையைச் சொல்ல மனம் வரவில்லை.

அந்தப் புகை அடங்காத காலத்தில்தான் கம்பெனியின் மருத்துவரான ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் மெக்கேயும் அவரோடு சேர்ந்த சிலரும் உவெல்வா நகரத்தில் ஒரு பொழுதுபோக்குக் கிளப்பைத் தொடங்கினார்கள். கம்பெனி ஊழியர்களும் நகரத்தின் பிற வெளிநாட்டாரும் உடலுக்குப் பயிற்சி தரும் விளையாட்டுகளில் கூடுவதே நோக்கம். நம் ஊரில் 1884இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் கிளப்பும் ஏறக்குறைய அதே காலத்து, அதே மனப்பான்மையில் பிறந்த சங்கம்தான். 1890 மார்ச் 8ஆம் நாள் உவெல்வா அணி செவியாவுக்குப் போய், தப்லாதா குதிரைப் பந்தயத் திடலில் செவியா அணியோடு ஆடி, 2–0 என்று தோற்றது. இரு பக்கமும் ஆடியவர்களில் பெரும்பாலோர் பிரிட்டானியர்களே.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. துரைமார்களின் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒன்று, மெல்ல மெல்ல ஊர்க்காரர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. கம்பெனி 1954இல் சுரங்கங்களின் பெரும்பங்கை ஸ்பானியர்களிடம் விற்றுவிட்டு விலகியபோது, கிளப் அதனோடு கப்பலேறவில்லை. நம் தோட்டக் குழுக்களுக்கு ஏன் அப்படி ஆகவில்லை என்ற கேள்வியை நான் பல முறை எனக்குள் போட்டுப் புரட்டியிருக்கிறேன். என் தந்தையார் இளமையில் ஆடிய தோட்டக் குழுவில் கிராணி (தோட்டக் கணக்கர்) ஒருவர் தலைவர். சட்டையும் பந்தும் துரை கொடுத்தவை. திடல் கம்பெனி நிலம். ஆடியவர்கள் குடியிருந்த வீடும் கம்பெனியுடையது. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புக்குப் போன அன்று, ஆட்டக்காரர்களும் பார்வையாளர்களும் ஒரே சமயத்தில் சிதறிப்போனார்கள். உவெல்வாக்காரர்களுக்குக் காலூன்றி நிற்கச் சொந்தமாக ஒரு நகரம் இருந்தது. ஒரு கிளப் பிழைப்பதற்குத் திறமையைக் காட்டிலும் இது முதன்மையானது என்பது என் துணிபு.

திறமை என்று பார்த்தால், ரெக்ரியாத்திவோவின் கணக்கு மெலிந்ததுதான். முதல் பிரிவில் அது ஆடியது மொத்தம் ஐந்து பருவங்கள். 1978–79இல் முதன்முறையாக ஏறி, அதே வேகத்தில் இறங்கியது. 2002–03இல் மீண்டும் ஏறியபோதும் ஒரே பருவத்தில் இறங்க நேர்ந்தது. ஆனால் அந்தப் பருவத்திலேயே மன்னர் கோப்பையின் இறுதியாட்டம் வரை போனது. 2003 ஜூன் மாதம் எல்ச்சே நகரத்தில் நடந்த அந்த ஆட்டத்தில், சாமுவேல் எட்டோ இரண்டு கோல் அடித்த மல்லோர்க்காவிடம் 3–0 என்று தோற்றது. லீக்கில் இறங்கிய கையோடு கோப்பை இறுதியாட்டத்தில் தோற்ற ஓர் அணியை அதன் ரசிகர்கள் எப்படித் தாங்கிக்கொண்டார்களோ!

மார்செலினோ பயிற்றுநராக இருந்தபோது 2006இல் இரண்டாம் பிரிவின் முதலிடத்தோடு ஏறி, அடுத்த பருவம் முதல் பிரிவில் ஆடிய அணிதான் கிளப்பின் வரலாற்றிலேயே சிறந்தது. வில்லார்ரியாலிலிருந்து வந்த இளைஞர் சாந்தி கசோர்லா, லிவர்பூலிலிருந்து இரவலாக வந்த சினாமா பொங்கோல், நைஜீரியாவின் உச்சே ஆகியோர் அதில் இருந்தார்கள். பின்னாளில் ஆர்சனலில் ஆடி உலகப் புகழ்பெற்ற கசோர்லாவை முதல் பிரிவு ரசிகர்கள் சரியாகக் கவனிக்கத் தொடங்கியது இந்த நீல வெள்ளைச் சட்டையில்தான். 2006 டிசம்பர் 20ஆம் நாள், மட்ரிட்டின் பெர்னபேவ் அரங்கத்தில் ரியல் மட்ரிட்டை அவர்கள் 3–0 என்று வீழ்த்தினார்கள். சினாமா, உச்சே, விக்கெய்ரா ஆளுக்கொரு கோல். கிளப்பின் ஆகப் பெரிய வெற்றி நாளாக இருந்திருக்க வேண்டிய அந்த நாளில், ஆட்டத்தைக் காண உவெல்வாவிலிருந்து வந்துகொண்டிருந்த பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகி, ரசிகர்கள் நால்வர் இறந்துபோனார்கள். ஆகையால் அந்த 3–0ஐ உவெல்வாவில் யாரும் கொண்டாட்டமாக மட்டும் நினைவுகூர முடியாது. பருவ முடிவில் அணி எட்டாம் இடத்தைப் பிடித்தது. இரண்டு பருவங்கள் கழித்து, 2009இல், கடைசி இடத்தோடு இறங்கியது. அதன்பின் முதல் பிரிவுக்குத் திரும்பவேயில்லை.

வீழ்ச்சியின் காரணம் திடலில் இல்லை. ஸ்பெயினில் 1990இல் வந்த விளையாட்டுச் சட்டம், தொழில்முறைக் கிளப்புகளைப் பங்கு நிறுவனங்களாக மாற்றச் சொன்னது. ரியல் மட்ரிட், பார்சலோனா, பில்பாவ் நகரத்து அத்லெத்திக், ஒசாசுனா ஆகிய நான்குக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. ரெக்ரியாத்திவோவும் பின்னர் பங்கு நிறுவனமானது, பிற்பாடு தனியார் கைக்குப் போனது, வரிக் கடனிலும் சம்பள பாக்கியிலும் மூழ்கியது. 2015இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியபோது, கிளப்பே கலைந்துவிடும் என்ற அச்சம் நகரத்தைப் பிடித்தது. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். 2016இல் உவெல்வா நகர மன்றம், பொது நன்மைக்காக நிலம் எடுப்பதுபோல், உரிமையாளரிடமிருந்து பங்குகளைக் கையகப்படுத்தியது. ஆண்டலூசிய மாநில அரசு கிளப்பைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. பழைய கோயிலுக்கும் கோட்டைக்கும் தரப்படும் பாதுகாப்பு ஒரு காற்பந்துக் கிளப்புக்குத் தரப்பட்டது. மக்களின் வரிப்பணம் இருக்கும் நகர மன்றம் இதில் இறங்கலாமா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், ஊரின் பெயரைத் தாங்கிய ஒன்றைத் தனியொருவரின் கடன் கணக்கோடு புதைத்துவிட விடக்கூடாது என்ற முடிவே சரியென்று நான் நினைக்கிறேன். நம் நாட்டில், தமிழர்களின் கிளப் என்று நாம் பெருமையோடு பார்த்த பெட்டாலிங் ஜெயா சிட்டி, 2022 பருவத்தோடு சூப்பர் லீக்கிலிருந்து விலகியபோது, அதை நிறுத்திப் பிடிக்க எந்த மன்றமும் முன்வந்ததாகத் தெரியவில்லை.

கையகப்படுத்தியதால் அதிர்ஷ்டம் வந்துவிடவில்லை. 2020–21இல் ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டபோது, மோசமாக ஆடிய ரெக்ரியாத்திவோ ஒரே பருவத்தில் இரண்டு படி சறுக்கி ஐந்தாம் பிரிவில் விழுந்தது. இருபதாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய நுவேவோ கொலம்பினோ அரங்கத்தில், சிற்றூர் அணிகளுக்கு எதிராக ஆட வேண்டிய நிலை. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் இரண்டு படியும் ஏறி, 2023இல் மூன்றாம் பிரிவுக்குத் திரும்பினார்கள். 2024–25இல் அவர்களுடைய குழுவில் ரியல் மட்ரிட்டின் இரண்டாம் அணியும், 1890இல் அவர்களோடு முதலில் மோதிய செவியாவின் இரண்டாம் அணியும் இருந்தன. மூத்த கிளப் அந்த இளைஞர் அணிகளோடு ஈடுகொடுக்க முடியாமல் மறுபடியும் இறங்கியது.

கீழ்ப்பிரிவு ஆட்டங்களைப் பின்தொடர்வதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே ஞாயிறு நண்பகலில் தொடங்கும் ஆட்டம், இங்கே குளிர்காலத்தில் மாலை ஏழு மணி, கோடையில் ஆறு மணி. கண்விழிக்க வேண்டாம். எப்போதாவது இணையத்தில் நேரலை கிடைத்தால், பந்தின் பின்னாலேயே ஓடித் தவிக்கும் ஒற்றைக் கேமராவின் வழியாக, பயிற்றுநர் தம் தற்காப்பு வரிசையைத் திட்டுவதுகூடத் தெளிவாகக் கேட்கும். ஆட்டம் முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு இறங்கும்போது, மட்ரிட் சட்டைக்காரர்கள் இன்னும் தங்கள் ஆட்டத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். முடிவு என்ன என்று அவர்களில் ஒருவர் கேட்பார், பெரும்பாலும் சமன் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.