ஜக்கைப் படுக்கப் போட்டுப் படித்த கதை

ஐவிக் கொடி புடைத்து நிற்கும் அந்தப் பழைய பீங்கான் ஜக் கைக்கு வந்த அன்றே ஒரு தப்பு செய்தேன். அடிப்பக்கம் அழுக்காக இருந்ததென்று வெந்நீரில் சோப்பு போட்டு ஊறவைத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு காகிதத் துணுக்கு மேலே மிதந்து வந்தது. முன்பு வைத்திருந்த யாரோ ஒட்டிய சீட்டு. பேனா மை கரைந்து நீலப் படலமாகிவிட்டது. ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு இப்படிப்பட்ட சீட்டும் ஏல எண்ணும்தான் சாட்சி. இருந்த ஒரே சாட்சியையும் நானே கழுவி ஊற்றிவிட்டேன்.

மிஞ்சியது அடியில் பதிந்திருந்த சாய்சதுர முத்திரை மட்டும். பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை பதிவான வடிவங்களுக்கு இந்த முத்திரை உண்டு. உச்சியில் ஒட்டினாற்போல் ஒரு வட்டம்; பீங்கான், மண்பாண்ட வகை என்றால் அதற்குள் ரோமன் நான்கு. மூலைகளில் ஆண்டும் மாதமும் எழுத்தாக, நாளும் கட்டு எண்ணும் (அன்று பதிவானதில் எத்தனையாவது கட்டு என்பது) எண்ணாக. என் ஜக்கில் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு தடிப்பாக இறங்கி வட்டத்தையே மூடியிருந்தது. எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை.

எனக்குத் தோதாகப் பிடித்துப் பார்த்தேன். மேலே ஆங்கில 'ஐ', இடப்பக்கம் 'எம்'. எழுத்துகளுக்கான அட்டவணையில் 1846, ஜூன். ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை. வலப்பக்கம் நாளுக்கான எண் இருக்க வேண்டும்; எழுத்து மாதிரி ஏதோ தெரிந்தது. அதைக் கண்டும் காணாமல் விட்டேன். பழசாக இருக்க வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைக்கும், வேறென்ன.

அப்புறம் ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தேன். மெல்லிய தாளை முத்திரை மேல் வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தேன். தாளில் வட்டம் தலைகாட்டியது, ஆனால் நான் நினைத்த மூலையில் இல்லை. ஜக்கை ஒரு கால் சுற்றுத் திருப்பியதும் 'ஐ' நிமிர்ந்து 'எச்' ஆனது. 'எம்' வெறும் 3 ஆனது.

1867 வரை ஆண்டெழுத்து உச்சியில் இருக்கும். 1868-லிருந்து அது வலது மூலைக்குப் போய், உச்சிக்கு நாள் வந்துவிட்டது. ஆக, வலப்பக்க 'எச்' என்றால் 1869. கீழே இருந்த மாத எழுத்து 'பி'யா 'இ'யா என்று பிடிபடவில்லை. 'பி' அக்டோபர், 'இ' மே. பழைய நாள்காட்டியைப் புரட்டினேன்: 1869 அக்டோபர் 3 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று பதிவு அலுவலகம் திறந்திருக்க வாய்ப்பில்லை. மே 3 திங்கள். சரி, மே.

இருபத்து மூன்று வருஷம் போனது போனதுதான். அதிலும் இது வடிவம் பதிவான தேதியே தவிர, ஜக் சூளையிலிருந்து வந்த தேதி இல்லை. இந்த வகை வடிவத்தைப் பிறர் நகலெடுக்காதபடி பாதுகாப்பு மூன்று ஆண்டுதான் என்றாலும், அதே அச்சில் பிறகும் வார்த்திருக்கலாம். இதற்கு முந்தையதில்லை, அவ்வளவுதான் சொல்லலாம். நடுவில் புற ஊதா டார்ச் அடித்ததில் கைப்பிடி தனியாக ஒளிர்ந்தது, ஒட்டுப்போட்ட கைப்பிடி. அதையும் குறிப்பேட்டில் எழுதினேன்.

பதிவேடுகளும் பதிவான வடிவங்களின் படங்களும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அந்தத் தேதிக்குரிய படத்தின் நகல் கேட்டு எழுதியிருக்கிறேன். ஐவி இலை ஒத்துவந்தால் பட்டறைப் பெயரும் கிடைக்கும்.

சீட்டு விஷயத்தில் ஒரு சின்ன அதிர்ஷ்டம். விற்றவர் வாங்கும் முன் அனுப்பிய படங்களில் ஒன்று அடிப்பக்கத்தைக் காட்டுகிறது. பெரிதாக்கினால் மங்கலாக மூன்று இலக்கம், பக்கத்தில் ஒரு கையெழுத்தின் வால். அந்தப் படத்தை அச்செடுத்து, காய்ந்த காகிதத் துணுக்கோடு சேர்த்து ஜக்குக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன்.